உருண்ட தூரமும் சுழன்ற கோணமும்: பிளெண்டரில் சக்கரத்தைத் தானாகச் சுழலவைக்கும் கருவிகள்

கணினி அனிமேஷனில் ஒரு காரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த இரண்டு கீஃப்ரேம்கள் (குறிப்பிட்ட கணத்தில் பொருளின் நிலையைப் பதிவுசெய்யும் குறிகள்) போதும். அந்தக் காரின் சக்கரங்கள் தரையில் வழுக்காமல், ஓடிய தூரத்துக்குச் சரியாகச் சுழலும்படி செய்வதுதான் வேலை வாங்கும் பகுதி. சக்கரம் கூடுதலாகச் சுழன்றால் தரையில் பிடிமானம் இல்லாமல் வழுக்குவதாகவும், குறைவாகச் சுழன்றால் வண்டியை யாரோ இழுத்துச் செல்வதாகவும் பார்வையாளருக்குத் தோன்றும். காரணம் என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியாவிட்டாலும், காட்சியில் ஏதோ சரியில்லை என்பது உடனே பிடிபட்டுவிடும். இந்தச் சுழற்சியைக் கையால் அமைக்காமல் மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும்படி செய்ய, பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் என்னென்ன வழிகளைத் தருகிறது, அவை எங்கே கைகொடுக்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதை இந்த மதிப்புரையில் பார்க்கிறேன். 2024 ஜூலையில் வெளியான 4.2 எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) பதிப்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிளெண்டருக்கு நீண்ட அறிமுகம் தேவையில்லை. நெதர்லாந்தில் ஒரு நிறுவனத்தின் தனி மென்பொருளாக வளர்ந்து, அந்த நிறுவனம் மூடப்பட்ட பிறகு, 2002-இல் பிளெண்டரை உருவாக்கிய டோன் ரோசன்டால் முன்னின்று நடத்திய நிதித்திரட்டலில் ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ சேர்ந்ததால், அதே ஆண்டு அக்டோபரில் ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்கீழ் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பெரிய ஸ்டூடியோக்களில் வேலை செய்யாத ஒருவர், வீட்டுக் கணினியில், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் முழுமையான ரிக்கிங் (மாடலை அசைக்கத் தயார்செய்யும்) கருவிகளைக் கையாள முடிகிறது என்பதே நான் இதை மதிப்பிட எடுத்துக்கொண்டதற்குக் காரணம்.

வழுக்காமல் உருளும் எந்த வட்டப் பொருளுக்கும் கணக்கு ஒன்றுதான்: ஓடிய தூரத்தை ஆரத்தால் வகுத்தால், சுழன்ற கோணம் ரேடியனில் கிடைக்கும். 0.35 மீட்டர் ஆரமுள்ள கார் சக்கரம் 10 மீட்டர் ஓடினால் 28.57 ரேடியன் சுழல வேண்டும். அது நாலரைச் சுற்றுக்குச் சற்று அதிகம், பாகையில் ஏறத்தாழ 1,637. நேர்க்கோட்டில் ஒரே ஒரு நகர்வு மட்டும் உள்ள காட்சியில், கடைசிக் கீஃப்ரேமில் 1,637 என்று எழுதிவிட்டாலே வேலை முடிந்துவிடும், ஏனெனில் இடப்பெயர்ச்சிக்கும் சுழற்சிக்கும் பிளெண்டர் இயல்பாகவே ஒரே வகையான பெஸியர் வளைவை அமைப்பதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. கார் நடுவழியில் ஒரு நொடி தயங்கிவிட்டுப் போகட்டும் என்று இயக்குநர் சொல்லும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இந்த வளைவுகளைக் காட்டும் கிராஃப் எடிட்டரில் இடப்பெயர்ச்சி வளைவைத் தொட்டவுடன், நான்கு சக்கரங்களின் சுழற்சி வளைவுகளையும் மறுபடி செதுக்க வேண்டியிருக்கிறது. தானியக்கம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதைவிட, திருத்தம் சொல்லப்படும்போது அனிமேட்டர் தயங்காமல் ஏற்றுக்கொள்ள வழிசெய்கிறது என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதற்குப் பிளெண்டர் தரும் முதல் கருவி டிரைவர். ஒரு பண்பின் மதிப்பை இன்னொரு பண்பிலிருந்து கணக்கிட்டுத் தரும் இந்த வசதி மிகப் பழையது, நன்றாகத் தேறியது. கார் எக்ஸ் திசையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் சக்கரத்தின் அச்சைச் சரிசெய்ய வேண்டும்: பிளெண்டரில் புதிதாகச் சேர்க்கும் சிலிண்டர் இசட் திசையில் நிமிர்ந்து நிற்பதால், அதை எக்ஸ் அச்சில் 90 பாகை சாய்த்து, கண்ட்ரோல் விசையுடன் ஏ-வை அழுத்தி அந்தச் சுழற்சியை அப்ளை செய்துவிட வேண்டும். பிறகு ‘என்’ (N) விசையை அழுத்தினால் வரும் பக்கப்பலகையில், ரொட்டேஷன் பகுதியின் ஒய் பெட்டிமேல் வலது சொடுக்கி, ஆட் டிரைவர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வகையை ஸ்கிரிப்டட் எக்ஸ்பிரஷன் என்றும், மாறியை டிரான்ஸ்ஃபார்ம் சேனல் என்றும், அது படிக்க வேண்டியதைக் காரின் எக்ஸ் லொக்கேஷன் என்றும் அமைத்து, அந்த மாறியை 0.35-ஆல் வகுக்கும்படி எழுதிவிட்டால், பெட்டி ஊதா நிறமாக மாறும். அதன் பிறகு காரை எங்கே இழுத்தாலும் சக்கரம் அதற்கேற்பச் சுழலும், பின்னே இழுத்தால் பின்னே சுழலும். இந்த ஒரு நிகழ்வைக் கண்ணால் பார்த்தவர் மறுபடி சக்கரத்துக்குக் கையால் கீஃப்ரேம் வைக்க மாட்டார்.

சில நுணுக்கங்களைச் சொல்லாமல் விட முடியாது. பக்கப்பலகையில் கோணம் பாகையில் தெரிந்தாலும் டிரைவர் உள்ளுக்குள் ரேடியனில்தான் கணக்கிடுகிறது. எனவே 360-ஆல் பெருக்கும் பழக்கமுள்ளவர்கள் அதை இங்கே கொண்டுவரக் கூடாது. எக்ஸ் திசையில் ஓடும் வண்டிக்குக் கூட்டல்குறி பொருந்தும், ஆனால் ஒய் திசையில் ஓடும் வண்டிக்குச் சக்கரம் எக்ஸ் அச்சில் சுழல்வதால் கழித்தல்குறி போட வேண்டும், இல்லையேல் சக்கரம் எதிர்த்திசையில் சுழலும். முன்சக்கரம் திரும்பவும் வேண்டும் என்றால், இயல்பாக உள்ள எக்ஸ்-ஒய்-இசட் ஆய்லர் வரிசையே (மூன்று அச்சுகளின் சுழற்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்படும் முறை) போதும். ஒய் சுழற்சி உள்ளேயும் இசட் திருப்பம் வெளியேயும் அமைவதால், எக்ஸ் பெட்டி சுழியமாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று குழப்பாது.

ஆரத்தை அளப்பதில்தான் பெரும்பாலான பிழைகள் நுழைகின்றன. ரிம்மை அளந்து டயரை மறந்துவிட்டாலோ, மாடலின் அளவை மாற்றிய பிறகு எண்ணைத் திருத்தாமல் விட்டாலோ, 0.35 இருக்க வேண்டிய இடத்தில் 0.33 வந்து உட்கார்ந்துகொள்ளும். வித்தியாசம் இரண்டே சென்டிமீட்டர் என்றாலும், 10 மீட்டர் ஓடும்போது சக்கரம் 99 பாகை கூடுதலாகச் சுழன்று, தரையோடு தொடும் இடத்தில் 60 சென்டிமீட்டர் வழுக்கியிருக்கும். பெரிய திரையில் அது மறையாது. ஆகவே ஆரத்தை எக்ஸ்பிரஷனுக்குள் எண்ணாக எழுதுவதைவிட, காரில் ஒரு கஸ்டம் பிராப்பர்ட்டியாக (நாமே சேர்க்கும் பண்பாக) வைத்து, டிரைவரின் இரண்டாவது மாறியாகப் படிக்கச் செய்வது நல்லது. பெரிய பின்சக்கரமும் சிறிய முன்சக்கரமும் கொண்ட டிராக்டர் போன்ற வண்டிகளில் இந்த முறை இன்னும் பயன்படும். தூரம் ஒன்று, ஆரங்கள் இரண்டு, மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

சூத்திரம் எழுதவே தயங்குபவர்களுக்கு டிரான்ஸ்ஃபர்மேஷன் கன்ஸ்ட்ரெயின்ட் என்று ஒரு மாற்றுவழி உண்டு (கன்ஸ்ட்ரெயின்ட் என்பது ஒரு பொருளின் அசைவை இன்னொன்றோடு கட்டிப்போடும் விதி). லொக்கேஷனில் 0 முதல் 2.199 மீட்டர் வரை உள்ள நகர்வை, ரொட்டேஷனில் 0 முதல் 360 பாகையாக மாற்றித் தரும்படி அமைத்து, எக்ஸ்ட்ராபொலேட் பெட்டியில் குறியிட்டுவிட்டால் அதே பலன் கிடைக்கும். கற்பிக்கும்போது இதில் தொடங்கலாம்; தொழில்முறை ரிக்குக்கு டிரைவரே ஏற்றது.

டிரைவரைப் பற்றி இன்னொரு நல்ல செய்தி, எளிய கூட்டல், வகுத்தல் போன்ற எக்ஸ்பிரஷன்களைப் பிளெண்டர் பைத்தான் நிரல்மொழியைத் தொடாமலேயே கணக்கிடுகிறது என்பது. இதனால் வியூபோர்ட்டின் (காட்சியைக் காட்டும் சாளரத்தின்) வேகம் குறைவதில்லை; பாதுகாப்புக் கருதிப் பைத்தான் தானாக இயங்குவதை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கும் பிளெண்டரில், கோப்பை இன்னொருவர் திறக்கும்போது சக்கரம் நின்றுபோவதும் இல்லை. சொந்தமாக எழுதிய பைத்தான் செயற்கூறுகளை டிரைவருக்குள் கொண்டுவந்தால் மட்டும் அந்த அனுமதி கேட்கப்படும். சக்கரத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை அரிது.

சாலை வளையும்போது எக்ஸ் லொக்கேஷன் என்பது ஓடிய தூரத்தைக் குறிப்பதில்லை. சரிவிலும் இதே கதைதான்: 30 பாகைச் சரிவில் எக்ஸ் திசையில் 10 மீட்டர் நகர்ந்த வண்டி, சாலையின் மேல் 11.55 மீட்டர் ஓடியிருக்கும். இதற்குச் சரியான தீர்வு, வழியை ஒரு கர்வாக (வளைகோடாக) வரைந்து, காருக்கு ஃபாலோ பாத் கன்ஸ்ட்ரெயின்ட் கொடுத்து, அதில் ஃபிக்ஸ்ட் பொசிஷன் பெட்டியில் குறியிடுவது. அப்போது 0 முதல் 1 வரை செல்லும் ஆஃப்செட் ஃபாக்டர் என்ற ஒரே எண் காரின் இடத்தைத் தீர்மானிக்கும். அந்த எண்மேல் வலது சொடுக்கி, காப்பி ஆஸ் நியூ டிரைவர் என்று எடுத்து, சக்கரத்தின் சுழற்சிப் பெட்டியில் பேஸ்ட் டிரைவர் என்று ஒட்டி, அதைக் கர்வின் நீளத்தால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் போதும். 84 மீட்டர் நீளமுள்ள வழியில் பாதித்தூரம் வந்த கார் 42 மீட்டர் ஓடியிருக்கும். சக்கரம் 120 ரேடியன் சுழன்றிருக்கும். கர்வின் நீளத்தை, நோட்கள் என்ற கட்டங்களை இணைத்து வடிவங்களைக் கணக்கிடும் ஜியாமெட்ரி நோட்ஸின் கர்வ் லெங்த் நோட் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த எண்ணை டிரைவருக்குள் கொண்டுவர எளிய வழி இல்லாததால், வழியைத் திருத்தும்போதெல்லாம் நீளத்தையும் கையால் திருத்த வேண்டியிருக்கிறது. இவ்வளவு பக்குவப்பட்ட மென்பொருளில் இந்த இடைவெளி இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

வளைவில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1.5 மீட்டர் அகலத்தில் சக்கரங்கள் அமைந்த கார், 6 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பும்போது, உட்சக்கரம் 5.25 மீட்டர் ஆரத்திலும் வெளிச்சக்கரம் 6.75 மீட்டர் ஆரத்திலும் செல்கின்றன. வெளிச்சக்கரம் கால் பங்குக்கும் அதிகமாகக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். தொலைவிலிருந்து படமெடுக்கும் காட்சியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுழற்சி கொடுத்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கேமரா சக்கரத்தருகே தாழ்ந்திருக்கும் காட்சியில் இதைச் செய்தே ஆக வேண்டும். ரயில் பெட்டியை அனிமேட் செய்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஏனெனில் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்தப்பட்டுச் சேர்ந்தே சுழல்கின்றன. இந்திய ரயில்வேயின் பயணிகள் பெட்டிக்குப் புதிய சக்கரத்தின் விட்டம் 915 மில்லிமீட்டர் என்பதால், 0.4575 என்ற ஒரே ஆரத்தை எல்லா அச்சுகளுக்கும் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம்.

இதுவரை டிரைவரைப் புகழ்ந்தேன். அது எங்கே முற்றாகத் தோற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, ஓடும் காருக்குத் திடீர் பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும். பிரேக் போட்டதும் சக்கரம் பூட்டிக்கொண்டு, கார் மட்டும் வழுக்கிச் செல்ல வேண்டும். இதற்காக வழுக்கல் என்று ஒரு பிராப்பர்ட்டி வைத்து, அதை டிரைவரில் பெருக்கி, பிரேக் போடும் இடத்தில் 1-இலிருந்து (முழு உருளல்) 0-க்கு (முழு வழுக்கல்) 12 ஃபிரேம்களில் இறக்குவது இயல்பாகத் தோன்றும் யோசனை. கார் அப்போது 20 மீட்டர் கடந்திருந்தால், அதுவரை சேர்ந்த சுழற்சி 57.14 ரேடியன். பெருக்கும் எண் சுழியத்தை நோக்கி இறங்க இறங்க, அந்த மொத்தச் சுழற்சியும் சேர்ந்து இறங்கும். அதாவது சக்கரம் நிற்பதற்குப் பதிலாக அரை நொடியில் ஒன்பது முறை பின்னோக்கிச் சுழலும். கேடு எக்ஸ்பிரஷனில் இல்லை. டிரைவருக்கு நினைவு கிடையாது. இந்தக் கணத்தில் கார் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியும், அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பது தெரியாது. நேராக உருளும் சக்கரத்துக்கு இடமே வரலாற்றையும் சொல்லிவிடுவதால் அந்தக் குறை வெளியில் தெரிவதில்லை. வழுக்கலோ, திசைமாற்றமோ நுழைந்தவுடன் தெரிந்துவிடுகிறது.

பந்து இதை இன்னும் கடுமையாகக் காட்டும். முழு அளவுக் கால்பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், ஆரத்தை 0.11 மீட்டர் என்று கொள்ளலாம். எக்ஸ் நகர்வுக்கு ஒய் சுழற்சி, ஒய் நகர்வுக்கு எக்ஸ் சுழற்சி என இரண்டு டிரைவர்கள் போட்டு, பந்தை எக்ஸ் திசையில் 5 மீட்டர் உருட்டிவிட்டு, பிறகு ஒய் திசையில் 5 மீட்டர் உருட்டிப் பாருங்கள். முதல் பாதி பழுதில்லாமல் இருக்கும். அதன் முடிவில் பந்து ஏழு முழுச்சுற்றுகளும் கூடுதலாக 84 பாகையும் சுழன்றிருக்கும். ஆய்லர் வரிசைப்படி எக்ஸ் சுழற்சி ஒய் சுழற்சிக்குள் அடங்கியிருப்பதால், பந்தின் எக்ஸ் அச்சும் அந்த 84 பாகை சாய்ந்து ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். ஆகவே இரண்டாம் பாதியில் பந்து முன்னோக்கி உருளாமல், நின்ற இடத்தில் பம்பரம் சுற்றுவதைப் போலச் சுற்றிக்கொண்டே ஒய் திசையில் நகரும். ஆய்லர் வரிசையை மாற்றினால் இந்த ஒரு வழிக்குச் சரியாகிவிடும். பந்து மறுபடி எக்ஸ் திசைக்குத் திரும்பியதும் பழையபடி கெட்டுவிடும். உருளும் பந்து ஒரு சதுரப்பாதையைச் சுற்றித் தொடங்கிய புள்ளிக்கே வந்தாலும் பொதுவாக அதன் முகம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பது இயற்கையின் விதி. அப்படியிருக்க, இடத்தை மட்டும் உள்ளீடாக வாங்கும் எந்தச் சூத்திரமும் பந்தைச் சரியாக உருட்ட முடியாது.

இந்த இடத்தில்தான் 2023 ஜூனில் வெளியான 3.6 பதிப்பு ஜியாமெட்ரி நோட்ஸில் சேர்த்த சிமுலேஷன் ஜோன் முக்கியத்துவம் பெறுகிறது. முந்தைய ஃபிரேமின் முடிவை அடுத்த ஃபிரேமுக்கு எடுத்துச் செல்லும் வசதி இது. ஒரே சொல்லில், நினைவு. பந்துக்கு அந்த ஜோனில் இரண்டு பொருள்களை நினைவில் வைக்கச் செய்ய வேண்டும்: முந்தைய இடம், இதுவரை சேர்ந்த சுழற்சி. செல்ஃப் ஆப்ஜெக்ட், ஆப்ஜெக்ட் இன்ஃபோ என்ற இரண்டு நோட்கள் பந்து இப்போது இருக்கும் இடத்தைத் தருகின்றன. அதிலிருந்து முந்தைய இடத்தைக் கழித்தால் இந்த ஃபிரேமின் நகர்வு கிடைக்கும். மேல்நோக்கிய திசையனுக்கும் அந்த நகர்வுக்கும் கிராஸ் பிராடக்ட் எடுத்தால் சுழலவேண்டிய அச்சு. நகர்வின் நீளத்தை ஆரத்தால் வகுத்தால் கோணம். அச்சையும் கோணத்தையும் சேர்த்து ஒரு சிறு சுழற்சியாக்கி, ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சுழற்சியின் மேல் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரொட்டேட் ரொட்டேஷன் நோட்டில் குளோபல் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; லோக்கல் என்று விட்டுவிட்டால், மேலே சொன்ன பம்பரக் கோளாறு வேறு வடிவில் திரும்பி வரும். கடைசியாக டிரான்ஸ்ஃபார்ம் ஜியாமெட்ரி நோட் வழியாகப் பந்தின் வடிவத்துக்கு அந்தச் சுழற்சியைக் கொடுத்தால், எந்தத் திசையில் எத்தனை முறை திரும்பினாலும் பந்து சரியாக உருளும். மேடுபள்ளமான தரைக்கு, மேல்நோக்கிய திசையனுக்குப் பதிலாகத் தரையின் செங்குத்துத் திசையனை ரேகாஸ்ட் நோட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

2023 நவம்பரில் வந்த 4.0 பதிப்பு சுழற்சியைத் தனித் தரவுவகையாக ஏற்றுக்கொண்ட பிறகு இந்த நோட்களின் அமைப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. அதற்கு முன் ஆய்லர் கோணங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பூட்டிய பிரேக்கும் இங்கே தடையில்லாமல் வேலை செய்கிறது. வழுக்கல் எண்ணால் பெருக்கப்படுவது இந்த ஒரு ஃபிரேமின் சிறு சுழற்சி மட்டுமே என்பதால், எண் சுழியமாகும்போது சக்கரம் இருந்த நிலையிலேயே நிற்கும். பில்லியர்ட்ஸ் பந்து அடிபட்டவுடன் முதலில் வழுக்கி, பிறகு உராய்வால் மெல்ல உருளலுக்கு மாறுவதையும் இதே எண்ணைக் கீஃப்ரேம் செய்து காட்டிவிடலாம். சுழலாமல் வழுக்கத் தொடங்கும் திடமான பந்து முழு உருளலுக்கு வரும்போது தொடக்க வேகத்தில் ஏழில் ஐந்து பங்கு மட்டுமே மிஞ்சியிருக்கும் என்பதையும் நகர்வு வளைவில் கணக்கில் எடுத்துக்கொண்டால், காட்சிக்கு எடை கூடும். அடிபட்ட முதல் ஃபிரேமிலிருந்தே துளியும் வழுக்காமல் உருளும் பந்து, கணக்குப்படி சரியாக இருந்தும் கண்ணுக்குப் பொய்யாகப் படும்.

சிமுலேஷன் ஜோனுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. அது முதல் ஃபிரேமிலிருந்து வரிசையாக ஓடியாக வேண்டும்; டைம்லைனில் 200-ஆம் ஃபிரேமுக்கு நேரடியாகத் தாவினால் இடைப்பட்ட கணக்கு நடந்திருக்காது. வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துக்கொடுத்து ரெண்டர் செய்யும்போது (இறுதிப் படங்களாக உருவாக்கும்போது), ஒவ்வொரு கணினியும் வெவ்வேறு ஃபிரேமில் தொடங்கும் என்பதால், அனுப்பும் முன் பேக் செய்து (கணக்கின் முடிவுகளைக் கோப்பில் பதிந்து), அந்தக் கோப்புகளையும் சேர்த்து அனுப்புவது கட்டாயம். பேக் செய்த பிறகு நகர்வைத் திருத்தினால் பழைய பேக்கை நீக்கிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். திருத்தத்துக்கு உடனே இணங்குவது என்ற டிரைவரின் பெருங்குணம் இதில் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. இங்கே சுழல்வது மெஷ் (பொருளின் வடிவ வலை) மட்டுமே. ஆப்ஜெக்டின் ரொட்டேஷன் பெட்டிகள் சுழியமாகவே இருக்கும். பந்துக்குள் ஒரு விளக்கை வைத்துப் பேரண்ட் செய்திருந்தால் (பந்தோடு பிணைத்திருந்தால்) அது பந்தோடு சுழலாது. கேம் எஞ்சினுக்கு ஜி.எல்.டி.எஃப். கோப்பாக ஏற்றுமதி செய்தால் சுழற்சி கூடவே போகாது. புள்ளிகளின் இயக்கத்தை அப்படியே பதிவுசெய்யும் அலெம்பிக்கை நாட வேண்டியிருக்கும். படத்துக்காக மட்டும் வேலை செய்பவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டாம். விளையாட்டுக்காகச் செய்பவர்கள் உருளலைக் கேம் எஞ்சினுக்குள்ளேயே எழுதிக்கொள்வது மேல்.

மூன்றாவது வழியான ரிஜிட் பாடியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். புல்லட் இயற்பியல் எஞ்சினில் இயங்கும் இது, படிக்கட்டில் கொட்டிய நூறு பந்துகளை உருட்டச் சிறந்தது. ஆப்ஜெக்டின் அளவை அப்ளை செய்து, வடிவத்தை இயல்பாக உள்ள கான்வெக்ஸ் ஹல்லிலிருந்து ஸ்ஃபியர் என்று மாற்றிவிட்டால் நல்ல முடிவுகள் கிடைக்கும். இரு பொருள்களின் உராய்வு எண்களும் ஒன்றோடொன்று பெருக்கப்படுவதால், இரண்டிலும் இயல்பாக உள்ள 0.5 சேர்ந்து 0.25 ஆகிவிடும் என்பதை நினைவில் வைத்தால், பந்து எதிர்பார்த்ததைவிட அதிகமாக வழுக்குவது ஏன் என்று விளங்கும். உருளல் உராய்வுக்குத் தனி எண் தரப்படாததால், பந்தை இயல்பாக நிறுத்த, 0.1-இல் தொடங்கும் சுழற்சித் தணிப்பைக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் பந்து சரியாக நாயகனின் காலடியில் வந்து நிற்க வேண்டும் என்று காட்சி கேட்டால், இந்தக் கருவி உங்கள் பேச்சைக் கேட்காது. கிடைத்ததைப் பேக் டு கீஃப்ரேம்ஸ் கொடுத்துக் கீஃப்ரேம்களாக மாற்றிக் கையால் திருத்துவது ஒன்றே வழி.

காரை மட்டுமே அனிமேட் செய்பவர்களுக்கு ரிகாகார் என்ற இலவச ஆட்-ஆன் இருக்கிறது. காரை எப்படி வேண்டுமானாலும் ஓட்டி முடித்த பிறகு, சக்கரச் சுழற்சியையும் ஸ்டீயரிங்கையும் பேக் செய்து கீஃப்ரேம்களாக எழுதித் தருகிறது. கர்வின் நீளத்தைத் தேடும் வேலை இதில் இல்லை. அனிமேஷன் மாறினால் மறுபடி பேக் செய்ய வேண்டும் என்பது மட்டும் பழைய கதை.

எந்த வழியில் சுழற்றினாலும், ரெண்டரில் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிந்தால் உடனே டிரைவரைச் சந்தேகிக்க வேண்டாம். ஐந்து ஆரக்கால் கொண்ட ரிம், நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், நொடிக்கு 4.8 முறை சுழன்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓர் ஆரக்கால் முந்தையதன் இடத்தில் வந்து நின்று, சக்கரம் அசையாததுபோல் தோன்றும்; 0.35 மீட்டர் ஆரத்துக்கு அது மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் வேகம். அதற்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் சக்கரம் பின்னே போவதாகத் தெரியும். அசைவைக் கலங்கலாகக் காட்டும் மோஷன் பிளரை இயக்கினால் ஆரக்கால்கள் கலங்கி இந்த மயக்கம் பெரிதும் குறையும். சைக்கிள்ஸ் ரெண்டரில் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் மோஷன் ஸ்டெப்ஸ் எண்ணைக் கூட்டினால், கலங்கல் நேர்க்கோடாக இழுபடாமல் வட்டமாக விழும்.

என் மதிப்பீட்டில், நேர்வழியிலோ வரைந்த பாதையிலோ செல்லும் சக்கரத்துக்குப் பிளெண்டரின் டிரைவரைவிட எளிய, நம்பகமான கருவி தேவையே இல்லை. ஐந்துக்கு ஐந்து தருவேன். பந்துக்கும் வழுக்கும் வண்டிக்கும் சிமுலேஷன் ஜோன் சரியான விடையைத் தருகிறது, ஆனால் திசையன் கணக்கு அறிந்தவருக்கு மட்டும், மூன்றரை. திசையன் பெருக்கலையே கேள்விப்படாத ஒரு மாணவர், ஒரு கால்பந்தை இரண்டு திசைகளில் உருட்ட இத்தனை நோட்களைக் கோக்க வேண்டியிருப்பது நியாயமில்லை. ஆரம், தொடங்கும் ஃபிரேம், தரையாகக் கொள்ள வேண்டிய ஆப்ஜெக்ட், வழுக்கல் அளவு என நான்கு பெட்டிகள் மட்டும் கொண்டு, ஆப்ஜெக்டின் ரொட்டேஷனையே மாற்றும் ஒரு ரோல் கன்ஸ்ட்ரெயின்ட் மென்பொருளோடு சேர்ந்தே வர வேண்டும். அது வரும்வரை, மேலே சொன்ன நோட் அமைப்பை ஒருமுறை பொறுமையாகக் கட்டி, ஆரத்தையும் வழுக்கலையும் குரூப் இன்புட்டாக வெளியே எடுத்து, அசெட்டாகக் குறித்து அசெட் பிரவுசரில் சேமித்து வைத்தால், அடுத்த கோப்பில் பந்தின்மேல் இழுத்துவிடுவதோடு வேலை முடிந்துவிடும்.